தெரியாதுங்க

குதிரையில் வந்த வெள்ளைக்காரன், எங்கள் ஆள் ஒருவனுடைய பெயரை முழுசாகச் சொல்லி, "அவன் எங்கே?" என்று கேட்டால் என்ன பதில் சொல்லவேண்டும் என்று பிஸ்கா ஊரில் மூன்று வயதுப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். "தெரியாதுங்க." இதை யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்ததில்லை. கறுப்பர்களான நாங்கள் கென்டக்கியில் சணல் காடுகளில் அடிமைகளாகக் கிடந்த காலத்தில், அப்படி முழுப்பெயர் சொல்லிக் கேட்டு வந்தவன் எவனும் நல்ல காரியத்துக்கு வந்ததில்லை. கட்டிவைத்து அடிக்க வருவான், இல்லையென்றால் விற்க வருவான். விடுதலை கிடைத்துப் பதினாறு வருஷம் ஆகியும், இந்தக் கேன்சஸ் புல்வெளிக்கு வந்து நாலு வருஷம் ஆகியும், அந்தப் பதில் எங்கள் நாக்கை விட்டுப் போகவில்லை. அதுதான் எனோக் டாண்டியின் நிலத்துக்கு உலை வைக்கப் பார்த்தது. அந்த உலைக்குத் தீ மூட்டியவர்களில் நானும் ஒருத்தன். என் பெயர் வைலி. ஊரில் கோவேறு கழுதை வண்டி வைத்திருந்தவன் நான் ஒருவன்தான்.

பிஸ்கா என்று ஊருக்குப் பெயர் வைத்தது பாஸ்டர் ப்ரூட். மோசே அந்த மலையில் நின்றுதான் வாக்களிக்கப்பட்ட தேசத்தைப் பார்த்தார் என்று அவருக்கு ஒரே பூரிப்பு. பார்த்தாரே தவிர உள்ளே போகாமல் அங்கேயே செத்துப்போனார் என்பதை எனோக்தான் கூட்டத்தில் எழுந்து சொன்னான். பாஸ்டருக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனால் பெயர் நின்றுவிட்டது.

எனோக்கின் நிலம் ஓடை வளையும் இடத்தில் இருந்தது. சட்டம் இதுதான்: காலியான சர்க்கார் நிலத்தை உன் பேரில் எழுதிவை, ஐந்து வருஷம் அதிலேயே குடியிருந்து பயிர் வை, பிறகு பட்டா உனக்கு. கேட்கும்போது தேனாகத்தான் இருந்தது. இங்கே வந்து பார்த்தால் ஒரு மரம் கிடையாது, வீடு கட்டப் பலகை கிடையாது. ஓடைக்கரைச் சரிவைக் குடைந்து, மேலே புல்கட்டி போட்டு, அந்தக் குழிவீட்டில்தான் எல்லோரும் குடித்தனம் பண்ணினோம். அடுப்புக்கு வரட்டி. முதல் வருஷம் ஊருக்கே ஏர் இல்லை. எனோக்கும் அவன் மனைவி கெசையாவும் மண்வெட்டியால் கொத்தினார்கள். ஆயிரம் வருஷத்துப் புல்வேர் பின்னிக்கிடந்த மண் அது. அவன் வெட்டி வெட்டிக் கட்டியாகப் புரட்டுவான், அவள் கோடாலியின் முதுகால் தட்டி உடைப்பாள். அந்தக் கோடை முழுக்க இரண்டு பேருடைய உள்ளங்கையும் புண்ணாகவே இருந்தது. மூன்று ஏக்கர் அப்படி ஆயிற்று. நாலாவது வருஷம் முப்பது ஏக்கர்.

கெசையா புருஷனை "மிஸ்டர் டாண்டி" என்றுதான் கூப்பிடுவாள், குழம்பு ஊற்றும்போதுகூட.

"எதுக்கு அக்கா இத்தனை மரியாதை?" என்று கேட்டேன் ஒருநாள்.

"வெள்ளைக்காரன் எவனாவது அவரை மிஸ்டருன்னு கூப்பிடப் போறானா? வீட்டுல ஒருத்தியாவது கூப்பிட்டு வைக்கிறேன்" என்றாள்.

1881இல் மழை பொய்த்தது. சோளம் முழங்கால் உயரத்தில் காய்ந்து நின்றது. குளிர்காலக் கோதுமையை விதைத்துவிட்டு, செப்டம்பர் கடைசியில் எனோக் ரயில் பாதை வேலைக்குக் கிழக்கே போனான். ஊரில் பாதி ஆண்கள் அப்படித்தான் போனார்கள். ஆறு மாசத்துக்கு மேல் ஆள் இல்லாவிட்டால் நிலத்தைக் கைவிட்டதாக வேறு எவனாவது வழக்குப் போடலாம் என்பது சட்டம். அதனால் பிப்ரவரிக்குள் திரும்பிவிடுவேன் என்று கெசையாவிடம் சொல்லிவிட்டுத்தான் போனான்.

நவம்பரில் குதிரைக்காரன் வந்தான். நான் வாசலில் உட்கார்ந்து சேணத்து வாரைத் தைத்துக்கொண்டிருந்தேன். பனிக்கு முந்தைய வறண்ட காற்று வீசியது. அவன் இறங்கவில்லை.

"எனோக் டாண்டின்னு ஒருத்தன். தெரியுமா?"

"எப்படிங்க? ஏனோஸ் கேண்டியா?"

"எனோக். டாண்டி."

"அப்படி யாரும் இல்லீங்களே. ஓடைக்கு அந்தாண்ட ஒரு டாண்டி இருந்தாரு. அவரு வெள்ளைக்காரருங்க. காய்ச்சல் வந்து போயிட்டாரு, பாவம்."

அவன் என்னையே பார்த்தான். நான் வாயைப் பிளந்துகொண்டு மந்தபுத்திக்காரன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். அந்த முகத்தைப் போட எனக்கு முப்பது வருஷப் பழக்கம். அவன் ஒரு சின்ன நோட்டை எடுத்து எதையோ எழுதிக்கொண்டு போனான். எழுதட்டும், பொய்யைத்தானே எழுதுகிறான் என்று உள்ளுக்குள் எனக்குச் சிரிப்பு.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்து, முயல்கறியும் டர்னிப் கிழங்கும் சுற்றிவந்தபோது எல்லோரும் இதையே பேசினார்கள். ஆறு வீட்டில் கேட்டிருக்கிறான், ஆறு வீட்டிலும் ஒரே பதில். நான் அந்தச் செத்துப்போன டாண்டியைப் பற்றிச் சொன்னதும் பாஸ்டர் ப்ரூட்டுக்கே சிரிப்பில் புரையேறிவிட்டது.

"உங்கிட்ட வந்தானா அக்கா?" என்றேன்.

"வராம? நான் துணி வெளுக்க வந்தவங்க, இது யாரு வீடுன்னே தெரியாதுங்கன்னேன். எனோக் டாண்டின்னா அது ஆளு பேரா, ஊரு பேரான்னும் கேட்டேன்."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அப்போதுதான் யாரோ சொன்னார்கள், ஜூபல் சொல்லிவிட்டானாம் என்று.

ஜூபல் ஊர் எல்லையில் தனியாக இருந்தவன். சுண்ணாம்புப் பாறையைப் பிளந்து வேலிக்கம்பம் செய்பவன். மரமில்லாத இந்த நாட்டில் வேலிக்கம்பமும் கல்தான். ஊரில் நிற்கிற கம்பமெல்லாம் அவன் கைவேலை, ஆனால் எந்த வீட்டிலும் அவனை உட்காரச் சொல்ல மாட்டார்கள். பழைய கதைதான் காரணம். கெசையாவின் அண்ணன் ஏமஸ், ஒஹையோ ஆற்றைத் தாண்டி, அடிமைமுறை இல்லாத அக்கரைக்கு ஓடிவிடலாம் என்று சணல் போருக்குள் ஒளிந்திருந்தபோது, கங்காணியிடம் இடத்தைக் காட்டிக்கொடுத்தவன் ஜூபல். ஏமஸைத் தெற்கே கொண்டுபோய் விற்றார்கள். அதன் பிறகு அவனைப் பற்றி ஒரு சொல் வரவில்லை. ஜூபலும் எங்களோடுதான் கேன்சஸ் வந்தான், கூட்டத்துக்கு நூறு அடி பின்னால் நடந்து.

"அது எனோக் டாண்டி நிலம், அந்தப் பச்சை அவன் கோதுமை, ரயில் வேலைக்குப் போயிருக்கான், பிப்ரவரியில வந்துருவான்னு அத்தனையும் ஒப்பிச்சிருக்கான்" என்றார் சேதி கொண்டுவந்தவர்.

கெசையா கையிலிருந்த தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள். ஜூபலின் வாசலில் போய்க் காறித் துப்பிவிட்டு வந்தாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அன்றிலிருந்து ஊர்க்கிணற்றில் அவன் தண்ணீர் எடுக்க வந்தால் பெண்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். நானும் அவனுக்கு வண்டி கொடுப்பதை நிறுத்தினேன்.

எனோக் பிப்ரவரியில் வந்துவிட்டான். மார்ச்சில் பனி கரைந்து, கோதுமை திரும்பப் பச்சை பிடித்த வாரத்தில் நில ஆபீஸ் கடிதம் வந்தது. பாஸ்டர் ப்ரூட் எனோக்கின் குழிவீட்டில் வைத்துப் படித்தார். கிராட்டன் என்ற மாட்டுப் பண்ணைக்காரன் வழக்குப் போட்டிருக்கிறான். அவனுக்கு ஓடைத் தண்ணீர் வேண்டும். எனோக் டாண்டி என்பவன் அந்த நிலத்தில் குடியிருக்கவே இல்லை, அக்கம்பக்கத்தில் ஒருவருக்கும் அவனைத் தெரியாது, ஆகவே நிலத்தை என் பேருக்கு எழுது என்று கேட்டிருக்கிறான். கீழே சாட்சியாக எங்கள் ஆறு பேர் பெயர், யார் யார் என்ன சொன்னோம் என்று தேதியோடு. என் பெயருக்கு எதிரே அந்தச் செத்துப்போன டாண்டியும் இருந்தான். ஆறாவது பெயர் இல்லை, "அந்த இடத்தில் இருந்த சலவைக்காரி" என்று மட்டும்.

அடுப்பில் வரட்டி புகைந்தது. எனக்குச் செத்துப்போகலாம் போலிருந்தது.

எனோக் மெதுவாகத்தான் கேட்டான். "கெஸ்ஸி. என்னைத் தெரியாதுன்னியா?"

"உங்களைக் காப்பாத்தத்தான் சொன்னேன், மிஸ்டர் டாண்டி."

"ஊரு பேரா ஆளு பேரான்னு கேட்டியாமே."

"அது கொஞ்சம் கூடிப்போச்சு" என்றாள். சிரிக்கப் பார்த்து, முகத்தை மூடிக்கொண்டாள்.

"நாங்க எல்லாரும் வந்து பொய் சொன்னோம்னு ஒத்துக்கறோம்ப்பா" என்றேன்.

"ஒத்துக்கிட்டா என்ன ஆகும் வைலி?" என்றார் பாஸ்டர். "அன்னிக்குப் பொய் சொன்னவங்க இன்னிக்கு மட்டும் மெய் சொல்வாங்களான்னு கேப்பான். ஊரு முழுக்க பொய்யனுங்கன்னு அவனே சொல்லி முடிச்சுருவான்."

"அந்தாளு ஏழு பேருகிட்டக் கேட்டான்" என்றான் எனோக். "ஆறு பேருதான் இதுல இருக்கு."

எல்லோருக்கும் புரிந்தது. யாருக்கும் அந்தப் பெயரைச் சொல்ல வாய் வரவில்லை.

"நான் போய்க் கேக்கறேன்" என்று எனோக் எழுந்தான்.

"நீங்க இருங்க. துப்பினது நான்" என்றாள் கெசையா. "வைலி, நீ கூட வா. தனியாப் போனா அவன் மண்டையில எதையாவது போட்டுட்டாலும் போட்டுருவேன்."

போனபோது ஜூபல் பாறை மேல் குந்தி வரிசையாகத் துளைபோட்டுக்கொண்டிருந்தான். ஒவ்வொரு துளையிலும் ஆப்பு வைத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அடி மாற்றி அடி தட்டிக்கொண்டே போவான். அவசரப்பட்டு ஒன்றை மட்டும் ஓங்கி அடித்தால் கல் கோணலாக உடைந்துவிடும். எங்களைப் பார்த்தும் அவன் தட்டுவதை நிறுத்தவில்லை.

"ஜூபல்" என்றாள்.

"பேரு ஞாபகம் இருக்கா உனக்கு?"

"மறக்குற பேரா அது?"

அவன் அடுத்த ஆப்பைத் தட்டினான்.

"மிஸ்டர் டாண்டி நிலத்து மேல வழக்கு. நீ வந்து சாட்சி சொல்லணும்."

"ஊரே இருக்கே சாட்சி சொல்ல."

"ஊரு பொய் சொல்லிருச்சு. நீதான் சொல்லல. வெள்ளைக்காரன்கிட்டப் பொய் சொல்றதுதான் உனக்கு வழக்கமே இல்லியே."

குத்தலாகத்தான் சொன்னாள். கேட்கப் போன இடத்திலும் குத்தாமல் இருக்க அவளால் முடியவில்லை. ஜூபல் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு முதல்தடவையாக நிமிர்ந்து பார்த்தான்.

"அன்னிக்கு ஏன் சொன்னேன்னு இருபத்தஞ்சு வருஷத்துல ஒரு தடவைகூட நீ கேட்டதில்ல, கெசையா."

"கேக்க மாட்டேன். இப்பவும் கேக்கல."

"சரி."

காற்று சுண்ணாம்புத் தூளை எங்கள் மேல் வாரி அடித்தது. கல்லுக்குள் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. ஜூபல் கையை ஊன்றிப் பார்த்தான். முழுநீளத்துக்கும் கோடு விழுந்திருந்தது.

"எப்பக் கிளம்பணும்?" என்றான்.

நில ஆபீஸ் இருந்த மார்லோவுக்கு வண்டியில் இரண்டு நாள். எனோக்கும் கெசையாவும் என்னோடு வண்டியில் வந்தார்கள். ஜூபல் வழக்கம்போலப் பின்னால் நடந்து வந்தான். நான் ஏறச் சொல்லவில்லை. கெசையா சொல்லாமல் நான் எப்படிச் சொல்வது? சாப்பிட நிறுத்தினால் அவனும் நூறு அடி தள்ளி நின்றுவிடுவான். எனோக்தான் ரொட்டியை எடுத்துப் போய்க் கொடுத்தான்.

ஆபீஸ் ஒற்றை அறை. அதிகாரி வயசானவர், சளி பிடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கிராட்டனுடைய வக்கீல் இளைஞன். என்னை முதலில் ஏற்றினார்கள்.

"எனோக் டாண்டியைத் தெரியாதுன்னு சொன்னியா?"

"சொன்னேங்க."

"அது பொய்யா?"

"பொய்யிங்க."

"டாண்டிங்கிறவர் காய்ச்சல்ல செத்தது?"

"அதுவும் பொய்யிங்க. அப்படி ஒருத்தர் பொறக்கவே இல்லீங்க."

பின்னால் உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது கொதித்தது. வக்கீல் அதிகாரி பக்கம் திரும்பிக் கையை விரித்தான். நான் அத்தோடு சரி. பைபிள் மேல் கைவைத்து மெய்யைத்தான் சொன்னேன், ஒரு பிரயோசனமும் இல்லை.

ஜூபல் ஏறினான். குதிரைக்காரன் தன்னிடம் வந்தது, நிலம் யாருடையது என்று தான் சொன்னது, ஆள் ரயில் வேலைக்குப் போயிருப்பதைச் சொன்னது, எல்லாம் நாலு வாக்கியத்தில். குதிரைக்காரனும் அங்கேதான் இருந்தான். அதிகாரி அவனைப் பார்த்து, "இந்த ஆள் அப்படிச் சொன்னானா?" என்று கேட்டார். அவன் கிராட்டனைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். "ஏதோ சொன்ன மாதிரி ஞாபகம்" என்றான்.

வக்கீல் விடவில்லை. "ஐயா, ஆறு பேர் பொய்யர்கள் என்று அவர்களே ஒத்துக்கொள்கிறார்கள். அதே கூட்டத்து ஏழாவது ஆள் மட்டும் யோக்கியன் என்று எதை வைத்து நம்புவது? நாளைக்கு இவனும் பொய் என்பான். இவன் நாணயத்துக்கு யார் ஜவாப்தாரி?"

அதிகாரி எங்களைப் பார்த்தார். எனோக் எழப்போனான். அதற்குள் கெசையா எழுந்துவிட்டாள்.

"நான் சொல்றேங்க."

"நீ யார்?"

"சலவைக்காரின்னு எழுதியிருக்கே, அது நான்தாங்க. மிஸஸ் டாண்டி." முன் பலகையைக் கையால் பிடித்திருந்தாள். "எங்கண்ணன் ஏமஸ் ஓடிப்போறதுக்காகச் சணல் போருக்குள்ள ஒளிஞ்சிருந்தாங்க. அது இருபது பேருக்குத் தெரியும். கங்காணி இருபது பேரையும் நிக்க வெச்சுக் கேட்டான். பத்தொம்பது பேரு தெரியாதுங்கன்னோம். இந்த ஆளு ஒருத்தன்தான் இருக்கற இடத்தைச் சொன்னான். அண்ணனை என் கண்ணு முன்னால கட்டி இழுத்துட்டுப் போனாங்க. அப்புறம் நான் பாக்கல. உசுரோட இருக்கானான்னும் தெரியாது. இந்த மனுசனை எனக்குப் பிடிக்காதுங்க. சாகிற வரைக்கும் பிடிக்காது. ஆனா வெள்ளைக்காரரு கேட்டா இவன் வாயில உண்மையைத் தவிர வேற வராது. அதுக்கு நான் அண்ணனைப் பறிகொடுத்தேன். என்னைவிடப் பெரிய ஜவாப்தாரி உங்களுக்குக் கிடைக்க மாட்டாங்க."

ஜூபல் நின்ற இடத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அதிகாரி மூக்கைத் துடைத்தார். பேனாவை மையில் தொட்டு வெகுநேரம் எழுதினார். பிறகு கிராட்டனின் வழக்கு தள்ளுபடி என்றார். பட்டா ஐந்தாவது வருஷம் முடிந்ததும் எனோக் டாண்டி பேரில் வரும், அதுவரை இனி யாராவது கேட்டால் தயவுசெய்து உண்மையைச் சொல்லுங்கள் என்றார். "சரிங்க" என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னோம்.

வெளியே வந்து கழுதைகளைப் பூட்டினேன். எனோக் வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். ஜூபல் சற்றுத் தள்ளிப் போய், வண்டி நகரட்டும் என்று காத்து நின்றான். கெசையா வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். முன்னாலேயே பார்த்துக்கொண்டு, "பின்பலகையில இடம் இருக்கு" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று சொல்லவில்லை. ஜூபல் என்னைப் பார்த்தான். நான் தலையை ஆட்டினேன். ஏறிக்கொண்டான்.

பத்து மைல் போயிருப்போம். வெயில் இதமாக இருந்தது. இரண்டு பக்கமும் புதுப்புல், தூரத்தில் எவனோ முதல் உழவு ஓட்டிக்கொண்டிருந்தான். சோளரொட்டியையும் பாகையும் கெசையா எடுத்துப் பங்கு வைத்தாள். நாலு பங்கு. ஒன்றைப் பின்னால் நீட்டினாள், திரும்பாமல்.

"இந்தத் தடவை ஏன் சொன்னே?" என்றாள்.

ஜூபல் ரொட்டியைக் கையிலேயே வைத்திருந்தான்.

"ஏமஸைப் பத்திக் கேக்கலியா?"

"அதைக் கேக்கல. இதைத்தான் கேக்கறேன்."

"அது பயத்துல வந்தது. இது பயமில்ல."

"பின்ன?"

"உங்ககிட்டெல்லாம் அவன் ஆளு பேரைக் கேட்டிருக்கான். என்கிட்ட அப்படிக் கேக்கல. குதிரையை நிறுத்திட்டு, கோதுமையைக் காட்டி, இது யாரு நிலம்னான். பொறந்ததுலேர்ந்து எத்தனை வெள்ளைக்காரன் என்னைப் பாத்து அதைக் கேட்டிருக்கான் தெரியுமா, கெசையா? வழி கேக்கறவன், மாடு வாங்க வர்றவன். எப்பவும் ஒரு எஜமான் பேரைத்தான் சொல்லியிருக்கேன். அன்னிக்கு நம்ம ஆளு பேரு ஒண்ணு சொல்றதுக்கு இருந்துச்சு. எப்படி வாயை மூடிக்கிட்டு இருப்பேன்? எனோக் டாண்டி நிலம்னேன். அவன் ஒரு தடவைதான் கேட்டான். நான் ரெண்டு தடவை சொன்னேன்."